மின்கம்பி மேட்டில் எட்டுத் தரம்

எட்டுத் தரம் என்று குன்வோர் சொல்லிவிட்டாள். எட்டுத் தரம் மேலே, எட்டுத் தரம் கீழே. ஏறுவதற்கு நாலு நிமிடம், இறங்குவதற்கு எவ்வளவு நேரமும் எடுக்கலாம், ஆனால் நிற்கக்கூடாது, நின்றால் கால் இறுகிவிடும். மழை பெய்துகொண்டிருக்கிறது. பெர்கனில் ஒக்டோபர் மாதம் மழை பெய்கிறது என்பது ஒரு செய்தியே இல்லை, பத்தொன்பது வருடமாக இந்த நகரத்தில் பஸ் ஓட்டுகிறேன், ஏறுகிற ஒருவரும் அதைப்பற்றிக் கதைப்பதில்லை, குடையை உதறிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். மின்கம்பிகள் போவதற்காகக் காட்டை நடுவில் வெட்டி விட்டிருக்கிறார்கள், தலைமயிரை வகிடெடுத்த மாதிரி நேராக மேலே போகிறது, செங்குத்து, சேறு, ஈரப் புல், அங்கங்கே வழுக்குப்பாறை. அந்தச் சரிவில்தான் சனிக்கிழமை காலைகளில் எங்கள் குழு ஓடுகிறது. பனி விழ இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. பனி இல்லாத காலத்தில் பனிச்சறுக்குப் பந்தயத்துக்கு இப்படித்தான் உடம்பைப் பழக்கவேண்டும், காலில் ஸ்கி இல்லாமல், கையில் இரண்டு தடியை மட்டும் பிடித்து ஊன்றித் தாவித் தாவி ஏறவேண்டும். ஏழு பேர் வந்திருக்கிறோம். இல்லை, எட்டு, இன்றைக்கு எட்டு. ஏழு மாதத்துக்குப் பிறகு ஸ்டெய்னார் வந்திருக்கிறான், எல்லோரும் அவனைக் கட்டிப்பிடித்தார்கள், நானும் கட்டிப்பிடித்தேன், அவன் மழைச்சட்டை என் கன்னத்தில் குளிர்ந்தது. பிறகு குன்வோர், பள்ளிக்கூடத்தில் முப்பத்தைந்து வருடம் உடற்பயிற்சி படிப்பித்து ஓய்வு பெற்றவள், யாரையும் யோசிக்க விடாதவள், விரலை நீட்டி, "நியான், நீ ஸ்டெய்னாரோடு போ," என்றாள். என் பெயர் ஞானசேகரம். ஞா என்ற எழுத்து இவர்கள் வாய்க்குள் நியா ஆகிவிடும், மிச்சத்தை நானே வெட்டிக் கொடுத்துவிட்டேன். "அவன் நடந்தால் நீயும் நட. அவனுடைய மணிக்கூடு கத்தினால் இரண்டு பேரும் நில்லுங்கள். உன்னிடம் அவனை ஒப்படைக்கிறேன்." ஆறு பேர் இருக்க என்னிடம். எல்லோருக்கும் நாங்கள் கூட்டாளிகள் என்று தெரியும், அதனால்தான். அதனால் மட்டும்தான். வேறொன்றும் அவளுக்குத் தெரிந்திருக்காது. தெரிந்திருக்குமா?

ஸ்டெய்னார் எனக்கு மூன்றடி முன்னால் ஏறுகிறான், ஓடவில்லை, நடக்கிறான், ஐம்பத்து நாலு வயது, எங்கள் டிப்போவில் மெக்கானிக், பஸ் எஞ்சினின் சத்தத்தைக் கேட்டே எது பழுது என்று சொல்லிவிடுவான். மற்றவர்கள் முன்னால் தாவிப் போய்விட்டார்கள், குழுவில் இருக்கிற பல்வைத்தியர் எப்போதும்போல முதல் சுற்றிலேயே நாய் துரத்தினமாதிரி ஓடுகிறார். இப்போது சொல்லலாம். ஒருவரும் பக்கத்தில் இல்லை. வசனம் தயாராகத்தான் இருக்கிறது, ஏழு மாதமாகத் தயார், குளிக்கும்போதும் பஸ்ஸைத் திருப்பும்போதும் சொல்லிப் பார்த்த வசனம்: ஸ்டெய்னார், அன்றைக்கு நான் உன்னைக் கண்டேன். அவ்வளவுதான். தமிழில் சொல்லிப் பார்த்தால் பாதியில் நின்றுவிடுகிறது, நோர்வேஜிய மொழியில் சொல்லிப் பார்த்தால் பஸ் பிந்தியதற்குப் பயணிகளிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி இருக்கிறது. மார்ச் மாதம், நாற்பத்தைந்து கிலோமீட்டர் பந்தயம், மலைக்கு மேலே, இந்தக் குழு முழுவதும் போயிருந்தோம். முப்பத்தோராவது கிலோமீட்டரில், உறைந்த ஏரி முடிந்து தடம் வலப்பக்கம் திரும்புகிற இடத்தில், ஸ்டெய்னார் தடத்தைவிட்டு விலகி நின்றுகொண்டிருந்தான். இரண்டு தடியிலும் சாய்ந்து குனிந்து நின்றான். சிவப்புத் தொப்பி. அந்தத் தொப்பியை நூறு பேருக்குள்ளும் எனக்குத் தெரியும். நான் கண்டேன், கடந்து போனேன். வழக்கமாக அவன்தான் எனக்குப் பத்து நிமிடம் முன்னால் போவான், அன்றைக்கு முதல்தரமாக நான் அவனைக் கடந்தேன், அந்த நிமிடம் எனக்குள் என்ன இருந்தது என்று கேட்டால், சந்தோசம். அதுதான். பயம் இல்லை, யோசனை இல்லை, ஸ்டெய்னாரைப் பிடித்துவிட்டேன் என்ற சந்தோசம். நான் போய்க் கொஞ்ச நேரத்தில் அவன் விழுந்தான், இதயம் நின்றுவிட்டது. பின்னால் வந்த இரண்டு பெண்கள், எந்த ஊர்க்காரர் என்றே தெரியாதவர்கள், ஸ்கியைக் கழற்றி எறிந்துவிட்டு முழந்தாளிட்டு அவன் நெஞ்சை மாறி மாறி அழுத்தினார்கள், பதினெட்டு நிமிடம், ஹெலிகொப்டர் வரும்வரை. அவர்கள் இரண்டு பேரும் பந்தயத்தை முடிக்கவேயில்லை.

முதல் சுற்று முடிந்தது. மேலே இரும்புக் கோபுரத்தைத் தொட்டுவிட்டு இறங்குகிறோம். ஸ்டெய்னார் கதைக்கத் தொடங்கிவிட்டான், இறங்கும்போது அவனுக்கு வாய் மூடாது, அது மாறவில்லை. இடது தோளெலும்புக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டி வைத்துத் தைத்திருக்கிறார்களாம், தீப்பெட்டி அளவு, இதயம் ஒழுங்கு தப்பினால் அதுவே உள்ளுக்குள் ஒரு அடி அடித்து நேராக்குமாம். "என்னை இப்போது எலெக்ட்ரிக் பஸ் ஆக்கிவிட்டார்கள் நியான், நீ ஓட்டுகிற அந்தப் பாழ்பட்ட புது பஸ் மாதிரி." சிரிக்கிறான். நானும் சிரிக்கிறேன். என் சிரிப்பு எனக்கே கேட்கிறது, பஸ்ஸில் டிக்கெட் மெஷின் இரைகிற மாதிரி. நூற்று முப்பதுக்கு மேலே துடிப்பு போகக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருக்கிறாராம், போனால் மணிக்கூடு கத்தும். நூற்று முப்பது எனக்கு மாடிப்படி ஏறினாலே வந்துவிடும். முப்பத்தெட்டு வயதில்தான் நான் முதன்முதலாக ஸ்கியில் ஏறி நின்றேன், ஏறி நின்றேன் என்பதுகூடப் பொய், விழுந்தேன். டிப்போவில் அந்த வருடம் வேலையிடக் குழுக்களுக்கிடையில் ஒரு ஸ்கி அஞ்சலோட்டம், ஒரு ஆள் குறைந்தது, ஸ்டெய்னார் சாப்பாட்டு மேசைக்கு வந்து, "நீ ஒல்லியாய் இருக்கிறாய், உன்னைத் தூக்கிக்கொண்டு போவதும் சுகம்," என்றான். மூன்று கிலோமீட்டருக்கு நாற்பத்தொரு நிமிடம் எடுத்தேன். என் மகன் வயதுப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே இரண்டு பக்கத்தாலும் கடந்து போனார்கள். மற்ற எல்லாக் குழுவும் வீட்டுக்குப் போய், சூடான சொக்லேட் தண்ணி விற்ற மேசையையும் மடித்த பிறகு நான் வந்து சேர்ந்தேன். எல்லைக் கோட்டில் ஸ்டெய்னார் மட்டும் நின்றான், கடைசி அஞ்சலோட்டக்காரன் அவன்தான், நான் வந்து தொட்டால்தான் அவன் ஓடலாம். தொட்டேன். "நல்லது," என்று சொல்லிவிட்டு ஓடினான், முழு வேகத்தில், ஒருவருமே இல்லாத தடத்தில், யாரோ அவனைத் துரத்துவது மாதிரி ஓடினான். அதை நினைக்கும்போது இப்போதும் மூக்கு எரிகிறது. அப்படிப்பட்ட மனிதன். சொல்லடா. சொல்லிவிடு. அடிவாரம் வந்துவிட்டது, குன்வோர் நிற்கிறாள், "ஹெய்யா ஹெய்யா!" என்று கை தட்டுகிறாள், இங்கே எல்லோரும் ஓட்டக்காரனைப் பார்த்துக் கத்துகிற சொல் அது, திரும்பவும் ஏறுகிறோம்.

இரண்டாவது. கால் வழுக்குகிறது, தடி பாறையில் பட்டுக் கிண்ணென்கிறது. அன்றைக்கு நான் ஹெய்யா என்றாவது கத்தினேனா? இதுதான் என்னை விடாமல் அரிக்கிறது. சில நாள் கத்தினேன் என்று தெளிவாக ஞாபகம் வருகிறது, என் குரல்கூடக் கேட்கிறது. சில நாள் வாயே திறக்கவில்லை என்று தெரிகிறது, வாய்க்குள் உமிழ்நீர் இல்லை, மூச்சை வீணாக்கக் கூடாது என்று நினைத்திருப்பேன். பிறகு கை. அவன் கையைத் தூக்கினான். குனிந்தபடியே தலையைக் கொஞ்சம் நிமிர்த்தி வலது கையைத் தூக்கினான், தடி மணிக்கட்டு வாரில் தொங்கியது. அதைப் போ என்ற சைகை என்று எடுத்துக்கொண்டேன். போ, நீ போ, நான் வருகிறேன். ஏழு மாதமாக அந்தக் கையை அப்படித்தான் வைத்திருக்கிறேன், பெரும்பாலும் அது அப்படியே இருக்கிறது. ஆஸ்பத்திரி நடைபாதையில் அவனுடைய மனைவி மாரித் என்னைப் பிடித்து, "நீ அவனுக்குப் பின்னால்தானே வந்தாய், நீ ஒன்றும் காணவில்லையா?" என்று கேட்டாள். குற்றம் சாட்டிக் கேட்கவில்லை, எதையாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டாள், கண் வீங்கியிருந்தது. "இல்லை," என்றேன். "அந்த இடத்தில் பனிமூட்டம்." மூட்டம் இருந்தது உண்மை, ஆனால் இரண்டு கிலோமீட்டர் தள்ளி. அவள் தலையாட்டினாள். பிறகு எனக்கு ஒரு கோப்பி வாங்கித் தந்தாள். நான் குடித்தேன். என்னால் மறக்கமுடியாதது அந்தக் கோப்பி. பால் போட்டது, நான் பால் போடுவதில்லை, சொல்லாமல் முழுவதும் குடித்தேன்.

மணிக்கூடு இன்னும் கத்தவில்லை. நூற்று இருபத்தாறு என்கிறான், நூற்று இருபத்தெட்டு என்கிறான், விலை ஏறுகிற மாதிரிச் சொல்லிக்கொண்டு வருகிறான். மூன்றாவதில் பாதி வந்துவிட்டோம். அந்த மார்ச் பந்தயத்தில் நான் வெள்ளிச் சின்னம் வாங்கினேன். என் வயதுப் பிரிவுக்கு இத்தனை மணி நேரத்துக்குள் முடித்தால் சட்டையில் குத்துகிற ஒரு சின்னம் தருவார்கள், அதற்கு முதல் வருடம் இரண்டு நிமிடத்தால் போய்விட்டது, அதற்கு முதல் வருடம் நாற்பது செக்கனால் போய்விட்டது. இந்தமுறை ஒரு நிமிடம் பன்னிரண்டு செக்கன் மிச்சம். எழுபத்திரண்டு செக்கன். நின்று, என்னடா, சுகமா, என்று கேட்பதற்கு எத்தனை செக்கன் ஆகும்? எனக்குக் கணக்கு வரும், நாலு. அவன் ஓம் என்று சொல்லியிருந்தால் நான் போயிருக்கலாம், சின்னமும் கிடைத்திருக்கும், அறுபத்தெட்டு செக்கன் மிஞ்சியிருக்கும். ஆனால் அவன் ஓம் என்று சொல்லியிருக்கமாட்டான், அதனால்தான் நான் கேட்கவில்லையோ? கேட்டால் நிற்கவேண்டி வரும் என்று எனக்குள் ஏதோ ஒன்றுக்குத் தெரிந்திருந்ததோ? என் மனைவி சுகிர்தாவுக்கு ஒன்றும் தெரியாது. "இஞ்சேருங்கோ, அந்தச் சின்னத்தை ஏன் அலுமாரிக்குள்ள ஒளிச்சு வைச்சிருக்கிறியள், ஆக்கள் வந்தாக் காட்டலாம்தானே," என்றாள். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். "ஸ்டெய்னாருக்கு அப்பிடி நடந்ததில உங்களுக்கு மனவருத்தம், அதுதான், எனக்கு விளங்குது," என்றாள். விளங்குது என்று சொன்னபோது அவளில் கோபம் வந்தது. சாப்பாடு தந்துகொண்டிருந்த மனிசியில். சின்னத்தைக் குப்பையில் போட்டால் நான் குற்றவாளி, சட்டையில் குத்தினால் வெட்கம் கெட்டவன், அலுமாரிக்குள் வைத்தால் இரண்டும்.

ஒரு நாள் எனக்கு நல்லதொரு சாட்டு அகப்பட்டது. தொண்ணூற்றைந்தாம் ஆண்டு யாழ்ப்பாணம் முழுவதும் இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தால் வந்தபோது, சனத்துக்குள் சனமாக நடந்தபோது, விழுந்தவர்களைப் பார்க்காமல் நடக்கப் பழகிவிட்டேன், அந்தப் பழக்கம் உடம்பில் ஊறிவிட்டது, ஸ்டெய்னாரைக் கடந்தது நான் இல்லை, அந்தக் கால். எவ்வளவு வடிவான சாட்டு. குன்வோரிடம் சொன்னால் கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொள்வாள். இரண்டு நாள் அதை வைத்துக்கொண்டு நிம்மதியாகப் பஸ் ஓட்டினேன். மூன்றாம் நாள் ஒரு சிக்னலில் நிற்கும்போது அது உடைந்தது. ஏனென்றால் அந்தப் பாலத்தில் நான் ஒருவரையும் விட்டுவிட்டு வரவில்லை. சித்தப்பாவின் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தேன், கரியரில் ஒரு தெரியாத மனிசி இருந்தார், நடக்க ஏலாமல் மதகில் இருந்தவர், தம்பி என்று கூப்பிட்டார், நின்று ஏற்றினேன். அவ்வளவு சனத்துக்குள், அவ்வளவு பயத்துக்குள், இருபத்திரண்டு வயதில், நின்றேன். கடந்து போகிறதை நான் அங்கே பழகவில்லை, இங்கே பழகினேன், எல்லாம் சுகமாக இருந்தபிறகு, மணிக்கூட்டைப் பார்க்கப் பழகியபிறகு. பச்சை விழுந்து பின்னால் கார்க்காரன் ஹோர்ன் அடித்தான். சாட்டு இல்லாமல் பஸ்ஸை எடுத்தேன்.

நாலாவது. சேறு சப்பாத்துக்குள் வந்துவிட்டது, காலுறை நசநசக்கிறது. முன்னால் போனவர்கள் இறங்கி வருகிறார்கள், பல்வைத்தியர் முகம் பீற்றூட் மாதிரி, "எப்படி ஸ்டெய்னார்?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போகிறார். எட்டு முடியும்வரை பொறுத்துப் பிறகு சொல்லலாம். இல்லை, அவன் திரும்பி வந்த முதல்நாள் இது, அவன் சந்தோசமாக இருக்கிறான், ஏன் கெடுக்கவேண்டும், அடுத்த சனி சொல்லலாம். இது யாருக்காக, அவனுக்காகவா, எனக்காகவா? சொல்வதால் அவனுக்கு என்ன நன்மை? என்னுடைய பாரத்தை இறக்கி, பெட்டி வைத்துத் தைத்த நெஞ்சில் வைப்பதா? அப்படியென்றால் சொல்லாமல் இருப்பதுதான் நல்ல மனிதன் செய்கிற வேலை. பார், எவ்வளவு சுலபமாக நல்ல மனிதன் ஆகிவிட்டேன். கீச் கீச் கீச் கீச். மணிக்கூடு. ஸ்டெய்னார் நின்றுவிட்டான். இரண்டு தடியையும் முன்னால் ஊன்றி அதில் நெற்றியை வைத்துக் குனிந்து நிற்கிறான். முதுகு ஏறி இறங்குகிறது. சிவப்புத் தொப்பி இல்லை, மழைச்சட்டையின் மூடுதொப்பி, ஆனால் அதே வளைவு, அதே முதுகு. என் கால் நிற்கவில்லை. இன்னும் இரண்டடி வைத்துவிட்டது, அவனைத் தாண்டப் போகிறது, பிறகுதான் நின்றது. "ஸ்டெய்னார்!" என்று கத்தினேன், காடு முழுக்கக் கேட்டிருக்கும். "ஸ்டெய்னார், என்ன? என்ன செய்கிறது?" அவன் நிமிர்ந்தான். "நூற்று முப்பத்தொன்று," என்றான். "பெண்சாதி மாதிரிக் கத்துகிறது." பிறகு என் முகத்தைப் பார்த்தான். "உனக்கு என்ன? நீதான் பெட்டி வைத்த ஆள் மாதிரி இருக்கிறாய்." மழை கண்ணிமையில் வழிகிறது. வசனம் வந்தது, நான் எடுக்கவில்லை, அதுவே வந்தது, நோர்வேஜிய மொழியில், பஸ் பிந்தியதற்குக் கேட்கிற அதே குரலில். "ஸ்டெய்னார், அன்றைக்கு நான் உன்னைக் கண்டேன். ஏரிக்கு அங்காலே. நீ இப்படித்தான் நின்றாய். நான் நிற்கவில்லை. மாரித்திடம் பொய் சொன்னேன்."

அவன் மணிக்கூட்டை அமர்த்தினான். கையுறையைக் கழற்றினான், திரும்பப் போட்டான். நான் அடிக்குக் காத்திருந்தேன், அல்லது அந்த மற்றதற்கு, பரவாயில்லை என்ற சொல்லுக்கு, அதற்குத்தான் அதிகம் பயந்தேன். அவன் கேட்டது வேறு. "நான் நின்றுகொண்டா இருந்தேன்?" என்றான். எனக்கு விளங்கவில்லை. "நின்றேனா, குந்தியிருந்தேனா?" நின்றாய் என்றேன். "ஸ்கி காலில் இருந்ததா?" இருந்தது. "எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு?" அப்போதுதான் விளங்கியது. அவனுக்கு அந்த நாளே இல்லை, அந்தப் பேச்சு வந்தாலே நான் வேறு கதைக்குப் போய்விடுவேன், அதனால் எனக்கு இது தெரியாது. இருபதாவது கிலோமீட்டரில் குடித்த ஒரு கப் புளூபெரிச் சாறு ஞாபகம் இருக்கிறதாம், பிறகு ஆஸ்பத்திரிக் கூரை, இடையில் வெறும் வெள்ளை. டொக்டரைக் கேட்டிருக்கிறான், அந்த இரண்டு பெண்களையும் தேடிப் பிடித்துக் கேட்டிருக்கிறான், அவர்கள் வரும்போது அவன் கிடந்தான், கிடந்ததைத்தான் அவர்களால் சொல்ல முடிந்தது. "ஏழு மாதமாகத் தேடுகிறேன்," என்றான், மெதுவாக, எஞ்சினுக்குக் காது கொடுக்கிற மாதிரித் தலையைச் சரித்துக்கொண்டு. "நான் கடைசியாய் என்ன செய்தேன் என்று யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். உனக்குத் தெரியும். சொல்லு." சொன்னேன். ஏரியைப் பார்த்து நின்றாய், தடத்திலிருந்து இரண்டு மீட்டர் விலகி, பின்னால் வருகிறவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் ஒழுங்காக விலகி நின்றாய். தொப்பி நெற்றியைவிட்டு மேலே ஏறியிருந்தது. மூக்கிலிருந்து நீர் வடிந்தது. "பயந்திருந்தேனா?" தெரியாது என்றேன், முகத்தை நான் வடிவாகப் பார்க்கவில்லை, பார்க்கவில்லை என்றால், பார்க்காமல் விட்டேன். "என்னைக் கூப்பிட்டாயா?" தெரியாது என்றேன், சத்தியமாகத் தெரியாது, கத்தின மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. "நான் உன்னைக் கண்டேனா?" இங்கேதான் நிறுத்தியிருக்கலாம். இல்லை என்று சொல்லியிருந்தால் ஒருவருக்கும் தெரியவராது. "கையைத் தூக்கினாய்," என்றேன். "எப்படி?" வாயால் சொல்லத் தெரியவில்லை. "காட்டு," என்றான். காட்டினேன். தடியில் சாய்ந்து குனிந்தேன், தலையை நிமிர்த்தினேன், வலது கையைத் தூக்கினேன், தடி வாரில் தொங்கியது. கையை அப்படி வைத்துக்கொண்டு நிற்கும்போது, மழை முழங்கை வழியாக உள்ளே இறங்கும்போது, என் கைக்குத் தெரிந்தது. இது போ என்ற கை இல்லை. போ என்பவன் கையை வெளியே வீசுவான். இது வீசவில்லை, நிற்கிறது, உள்ளங்கை வருகிறவனைப் பார்த்தபடி, பஸ் தரிப்பிடத்தில் ஆட்கள் எனக்கு ஒவ்வொரு நாளும் காட்டுகிற கை இது. ஒரு நாளைக்கு நூறு தரம் பார்க்கிற கை. பார்த்து நிறுத்துகிற கை. என்னால் கையை இறக்க முடியவில்லை. "நிற்கச் சொல்லியிருக்கிறாய்," என்றேன். "என்னை நிற்கச் சொல்லியிருக்கிறாய்."

ஸ்டெய்னார் என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அந்த ஏரி அங்கே இருக்கிறமாதிரிக் காட்டுக்குள் பார்த்தான். "அப்படியென்றால் எனக்குத் தெரிந்திருக்கிறது," என்றான். "ஏதோ நடக்கப்போகிறது என்று தெரிந்து, உதவி கேட்டிருக்கிறேன். கேட்கவேயில்லை என்றுதான் மாரித் நினைக்கிறாள். பிடிவாதத்தில் ஒருவரையும் கூப்பிடாமல் நின்று செத்தேன் என்று ஏழு மாதமாக என்னோடு சண்டை பிடிக்கிறாள்." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. முகம் சிவந்து, கழுத்துவரை சிவந்து வந்தது. "உனக்கு அடிக்கவேண்டும்போல் இருக்கிறது," என்றான். "உண்மையாகவே. நூற்று முப்பதைத் தாண்டிவிடும், அதுதான் பார்க்கிறேன்." அடி என்றேன், முட்டாள்தனமாக. "வாயை மூடு," என்றான். "ஏழு மாதம். ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு கிழமையும் பழச்சாறு கொண்டுவந்து என் கட்டிலில் இருந்தாய். ஏழு மாதம் எனக்குத் தேவையான ஒரே விசயத்தை வாய்க்குள் வைத்துக்கொண்டு இருந்தாய். நிற்காமல் போனது ஒன்று. அதை நானும் செய்திருப்பேனோ தெரியாது. இது வேறு." நான் யோசிக்காத இடம் அது. ஏழு மாதமாக அந்த நாலு செக்கனையே சுற்றிச் சுற்றி வந்தேன், அந்த ஏழு மாதத்தை ஒருதரமும் எண்ணிப் பார்க்கவில்லை. "மாரித்துக்கு நீயே சொல்லவேண்டும்," என்றான். சொல்கிறேன் என்றேன். "இன்றைக்கு." இன்றைக்கு என்றேன். தடியை எடுத்து வாருக்குள் கையை நுழைத்தான். "நீ வரவேண்டாம். நான் தனியாக ஏறுகிறேன்."

கீழே குன்வோர் எங்களைப் பார்க்கிறாள், வாயில் கையைக் குவித்து ஏதோ கத்துகிறாள், மழையில் சொல் வரவில்லை, குரல் மட்டும் வருகிறது. வரவேண்டாம் என்றால் என்ன செய்வது. கீழே போய் அவளிடம் என்ன சொல்வது, ஒப்படைத்த ஆளை விட்டுவிட்டு வந்தேன் என்றா. மாரித் கதவைத் திறப்பாள், நான் சப்பாத்தைக் கழற்றுவதற்குள் கோப்பி போடட்டுமா என்று கேட்பாள், வேண்டாம் என்று முதலில் சொல்லவேண்டும், குடித்துவிட்டால் பிறகு சொல்ல வராது. சுகிர்தாவுக்கும் சொல்லவேண்டும், அவள், விளங்குது, என்று இந்தமுறை சொல்லமாட்டாள். ஸ்டெய்னார் பத்து மீட்டர் மேலே போய்விட்டான். நான் ஏறத் தொடங்குகிறேன். சப்பாத்துச் சத்தம் அவனுக்குக் கேட்டிருக்கும், திரும்பவில்லை. எனக்குக் கால் வேகமாக வரப்பார்க்கிறது, பதினெட்டு கிழமை பயிற்சி எடுத்த கால், அதைப் பிடித்து வைத்திருக்கவேண்டியிருக்கிறது, மெல்லப் போகிறது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. "வரவேண்டாம் என்றேன்," என்றான் ஸ்டெய்னார் முன்னால் பார்த்துக்கொண்டே. நான் ஏறிக்கொண்டே இருந்தேன். இன்னும் இருபது அடி போனபிறகு, "வருவதென்றால் கதைக்காமல் வா," என்றான். அவன் ஒரு வேரில் கால் வைத்தான், நானும் அதே வேரில் வைத்தேன். அவன் பாறையைச் சுற்றி இடப்பக்கம் போனான், நானும் போனேன். அவன் மூச்சு மழைக்குள்ளால் கேட்கிறது, உள்ளே இழுக்கிறது, விடுகிறது, இழுக்கிறது, நடுவில் ஒருதரம் செருமுகிறான், நான் நின்றுவிடுகிறேன், துப்பிவிட்டுப் போகிறான், நானும் போகிறேன், இழுக்கிறது, விடுகிறது.